முயலின் வயிறு திரும்பத் திரும்பக் கெடுகிறதா? முதலில் வாயைப் பாருங்கள்

கேள்வி இது: மதுரையில் அடுக்கக வீட்டில் வளரும் மூன்று வயதுப் பெண் முயல், பெயர் வெண்ணிலா, எடை 1.8 கிலோ. கடந்த 7 மாதங்களில் 4 முறை திடீரென்று சாப்பாட்டை நிறுத்திவிட்டது. புழுக்கை சிறுத்துச் சிறுத்துக் கடைசியில் நின்றே போனது. ஒவ்வொரு முறையும் மருத்துவர் ஊசி போட்டு, சொட்டு மருந்து கொடுத்து, இரண்டு நாளில் எழுந்துகொண்டது. காலையில் கேரட்டும் முட்டைகோஸ் இலையும், பகல் முழுவதும் கிண்ணம் நிறையக் குச்சித் தீவனம் (கடையில் விற்கும் பெல்லட்), மாலையில் முருங்கைக்கீரை அல்லது அகத்தி, இடையிடையே மகன் கொடுக்கும் பிஸ்கட். "இதற்குப் பிறவியிலேயே வயிறு பலவீனமா, முடி அடைத்துக்கொள்கிறதா, இப்படியே பழகிக்கொள்ள வேண்டியதுதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழகிக்கொள்ள வேண்டாம். பிறவியிலேயே வயிறு பலவீனமான முயல் என்று சொல்லப்பட்ட எத்தனையோ முயல்களை இந்தப் பதினான்கு வருடங்களில் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றில் ஒரு குறையும் இல்லை. குறை வேறெங்கோ இருந்தது, வயிறு அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. உங்கள் மருத்துவர் நான்கு முறையும் சரியான நேரத்தில் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார். ஆனால் நான்கு முறையும் அணைத்தது தீயைத்தான். தீ எங்கிருந்து பற்றுகிறது என்று இன்னும் யாரும் தேடவில்லை.

நான் கால்நடை மருத்துவர் அல்ல, முயல் வளர்ப்பவன். அதனால் மருந்தின் அளவு எதையும் எழுத மாட்டேன். அதை வெண்ணிலாவைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். எங்கே தேட வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் முயலின் குடல் எப்படி ஓடுகிறது என்பது தெரிய வேண்டும். அது தெரிந்துவிட்டால் பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்வீர்கள். நாய்க்கும் பூனைக்கும் வயிறு காலியாகக் கிடப்பது இயல்பு. முயலுக்கு வயிறு காலியாகவே கூடாது. இரவும் பகலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக்கொண்டே இருக்கும் பிராணி அது. உள்ளே போகும் நார் இரண்டாகப் பிரிகிறது. செரிக்காத பெரிய நார்த்துண்டுகள் பெருங்குடல் வழியாக வேகமாக வெளியேறி, நாம் பார்க்கும் உருண்டைப் புழுக்கையாகின்றன. நுண்ணிய துகள்களும் நீரும் பின்னோக்கித் தள்ளப்பட்டுச் சீக்கம் என்னும் பெரிய பைக்குள் போகின்றன. அந்தப் பை முயலின் இரைப்பையைப் போல் சுமார் பத்து மடங்கு கொள்ளும். மொத்தச் செரிமானப் பாதையில் ஏறக்குறைய 40 சதவீதம் அதுதான். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் துகள்களைப் புளிக்கவைத்து, புரதமும் பி வகை வைட்டமின்களும் கே வைட்டமினும் நிறைந்த மென்மையான புழுக்கையாக மாற்றுகின்றன. திராட்சைக் கொத்துபோல ஒட்டிக்கொண்டு, பளபளவென்று, கொஞ்சம் வாடையோடு இருக்கும். முயல் அதைக் கீழே விழவிடாமல் வாயாலேயே எடுத்து விழுங்கிவிடும். முயல் மலம் தின்கிறது என்று அருவருத்துத் தடுக்கிறவர்கள் உண்டு, தடுக்கக் கூடாது. அதுவும் அதன் உணவில் ஒரு பகுதி.

இந்த ஓட்டத்தைத் தள்ளுவது நீளமான, செரிக்காத நார். அந்த நார் குறைந்தால் குடலின் அசைவு மந்தமாகும். அசைவு மந்தமானால் சீக்கத்தில் சரக்கு தேங்கும், நுண்ணுயிர்களின் கணக்கு பிசகும், வாயு சேரும். வாயு வலிக்கும், வலித்தால் முயல் சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் குடல் இன்னும் மந்தமாகும். இப்படி ஒன்று இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு சுற்றும். இந்தச் சுற்றுக்குள் நுழைய எத்தனையோ வாசல்கள் உண்டு. நார் குறைவது ஒரு வாசல், பல் வலி ஒரு வாசல், தண்ணீர் போதாதது, வெயில், பயம், மூட்டு வலி, சிறுநீர்ப்பையில் மணல் என்று எதுவும் வாசலாகலாம். எந்த வாசல் வழியாக நுழைந்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: முயல் சாப்பிடவில்லை, புழுக்கை இல்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் ஒரே நோய் வந்ததுபோல் உங்களுக்குத் தோன்றுகிறது.

உங்கள் பட்டியலைப் பார்த்தால் ஒரு வாசல் அகலத் திறந்திருப்பது தெரிகிறது. வெண்ணிலாவின் உணவில் புல் என்று ஒன்றே இல்லை.

நம் ஊரில் இது எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், உங்களைக் குறை சொல்வதாக நினைத்துவிடக் கூடாது. தமிழில் முயல் உணவு பற்றிக் கிடைக்கும் தகவல்களில் பெரும்பகுதி இறைச்சி முயல் பண்ணைகளுக்காக எழுதப்பட்டது. கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கும் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களைப் பண்ணையாளர்கள் வாங்கி வளர்க்கிறார்கள். அவர்களுக்கு முயல் சில மாதங்களில் எடை கூட வேண்டும். அடர்தீவனம், வேலிமசால், அகத்தி, முருங்கை என்று புரதத்தை ஏற்றுவது அந்தக் கணக்குக்குச் சரி. அந்த முயலின் ஆயுள் மாதக் கணக்கு. உங்கள் வெண்ணிலா எட்டு, பத்து வருடங்கள் வாழ வேண்டியவள். கடையில் வாங்கிய மூட்டையில் இருப்பதும் அநேகமாக அந்தப் பண்ணைக் கணக்கில் செய்த தீவனம்தான். குட்டியை விற்கிறவரும் "கேரட், முட்டைகோஸ், தீவனம் போதும்" என்றுதான் சொல்லி அனுப்புவார்.

எனவே முதல் வேலை புல். உணவில் 80 சதவீதத்துக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும், பச்சையோ காய்ந்ததோ. இறக்குமதியாகும் திமோத்தி உலர்புல் நல்லது, விலைதான் கடிக்கும். அது கட்டுப்படியாகவில்லை என்றால் முயலைப் புல் இல்லாமல் விட வேண்டியதில்லை. அருகம்புல் மதுரையில் எந்தக் கோயில் வாசலிலும் கிடைக்கிறது. கொழுக்கட்டைப்புல் நம் வறண்ட நிலத்துப் புல், காயவைத்தால் அருமையான உலர்புல். கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல் மாடு வைத்திருப்பவர் எவரிடமும் இருக்கும். அதன் இலையும் தண்டும் சேர்ந்த துண்டுகளை முயல் நெடுநேரம் மெல்லும், நமக்கு வேண்டியதும் அந்த மெல்லுதல்தான். வாங்கும் புல்லை நன்றாக அலசி, நிழலில் பரப்பி இரண்டு மூன்று நாள் உலர்த்தினால் வாசனை போகாமல் பச்சை நிறத்தோடு நிற்கும். பூசணம் பூத்த நெடி வந்தால் அப்படியே தூக்கி எறியுங்கள். சாலையோரத்தில் நாய் நடமாடும் இடத்துப் புல்லும், களைக்கொல்லி அடித்த வரப்புப் புல்லும் வேண்டாம். புல்வெட்டும் இயந்திரத்தில் நசுங்கி வந்த புல் மணி நேரத்தில் புளித்துவிடும், அதுவும் வேண்டாம். வைக்கோலைப் பலர் கேட்கிறார்கள். படுக்கைக்கும் கொறிக்கவும் போடலாம், உணவாக அதை நம்ப முடியாது, அதில் சத்து மிகக் குறைவு. கடலைக்கொடி பயறு வகைச் செடி, சுண்ணாம்புச்சத்து கூடுதல், நனைந்து காய்ந்திருந்தால் பூசண நஞ்சும் இருக்கும். நான் கொடுப்பதில்லை.

ஆனால் நாளைக் காலையிலேயே எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். மூன்று வருடம் மாவுச்சத்துக்குப் பழகிய நுண்ணுயிர்க் கூட்டம் ஒரே நாளில் மாறாது. பிஸ்கட்டை மட்டும் இன்றே நிறுத்துங்கள், மகனிடம் நானே கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள். மற்றதை மூன்று நான்கு வாரங்களில் படிப்படியாக மாற்றலாம். குச்சித் தீவனம் கிண்ணம் நிறைய இருக்கும்வரை எந்த முயலும் புல்லைத் திரும்பிப் பார்க்காது. வாரத்துக்குக் கால்பங்காகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 25 கிராம் என்பது ஒரு நாளைக்கு மேல்வரம்பு. வெண்ணிலாவுக்கு அது சுமார் 45 கிராம். நான் அதிலும் பாதிதான் கொடுப்பேன். கேரட் கிழங்கில் சர்க்கரை இருக்கிறது, விரல்நுனி அளவு துண்டு வாரத்தில் இரண்டு நாள் போதும். கேரட்டின் இலைத்தழை மிக நல்லது, காய்கறிக் கடைக்காரர் வெட்டி எறிவதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். முட்டைகோஸ் சில முயல்களுக்கு ஒத்துக்கொள்கிறது, ஏற்கெனவே வாயு பிடிக்கும் முயலுக்கு நான் அதைத் தொடவே மாட்டேன். இந்த மாற்றம் நடக்கும் நாட்களில் தினமும் எடை பாருங்கள், சமையலறைத் தராசு போதும். எடை இறங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

உணவு ஒன்றே காரணமாக இருந்தால் இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும். இருந்தாலும் உணவைத் திருத்திவிட்டோம் என்று அதோடு நின்றுவிடாதீர்கள். நான் நின்றேன், அதனால் ஒரு வருடம் வீணாயிற்று.

செம்பி என்று ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்தாள், செம்மண் நிறம். அவளுக்கு நான்கு வயதில் ஆரம்பித்தது. ஒரே வருடத்தில் 6 முறை. புல், தண்ணீர், நிழல் எல்லாம் சரியாகவே இருந்தன. ஒவ்வொரு முறையும் நான் வழக்கமாகப் போகும் மருத்துவமனையில் முன்பல்லைத் தூக்கிப் பார்த்து "பல் நன்றாக இருக்கிறது" என்பார்கள், வாயுவுக்கு மருந்து கொடுப்பார்கள், நான் நிம்மதியாகத் திரும்புவேன். கண்டுபிடித்தது என் அம்மா. ஒரு நாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து செம்பிக்குப் புல்லைக் கையால் நீட்டிக்கொண்டிருந்தவர், "இவள் இலையைத் தின்கிறாள், தண்டை வைத்துவிடுகிறாள், ஒரு மாதமாக இப்படித்தான்" என்றார். நான் குனிந்து பார்த்தேன். ஒரு தண்டை வாயில் வாங்கினாள். ஒரு பக்கமாக மூன்று நான்கு முறை மென்றாள். தலையை லேசாகச் சாய்த்தாள். பிறகு அந்தத் தண்டு, நுனி மட்டும் நசுங்கி, எச்சிலில் ஊறிய நிலையில் கீழே விழுந்தது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் விழுந்தது. கூண்டைச் சுற்றி அப்படிப் பாதி மென்ற தண்டுகள் சிதறிக் கிடந்தன. தினமும் கூட்டி அள்ளியது நான்தான், புல்லை வீணாக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு. தாடைக்குக் கீழே தொட்டுப் பார்த்தேன், மயிர் ஈரமாக இருந்தது.

முயலுக்கு மொத்தம் 28 பற்கள். முன்னால் இருப்பவை 6 தான். மீதி 22 பற்களும் கன்னத்துக்குள் ஆழத்தில் இருக்கும் கடைவாய்ப் பற்கள். எல்லாமே ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டிருப்பவை, முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். தேய்வு போதாவிட்டால் கீழ்ப்பல்லின் விளிம்பு உள்பக்கமாக நாக்கை நோக்கி முள்போல வளரும், மேல்பல்லின் விளிம்பு வெளிப்பக்கமாகக் கன்னத்தைக் குத்தும். செம்பிக்குக் கீழ்க் கடைவாயில் இடப்பக்கம் அப்படி ஒரு முள். நாக்கின் ஓரத்தில் அது உரசி உரசி வெள்ளையாகப் புண்பட்டிருந்தது. அந்தப் புண் வலிக்கும்போது தின்பதைக் குறைப்பாள், குடல் மந்தமாகும், வயிறு ஊதும். ஊசி போட்டால் வலி மரத்து மறுபடி தின்பாள். வலி மருந்தின் வேகம் தணிந்ததும் மறுபடி ஆரம்பம். அந்த 6 முறையில் ஒரு முறைகூட அவள் வயிற்று நோயாளி அல்ல.

முன்பல்லைப் பார்த்துக் கடைவாயைத் தீர்மானிக்க முடியாது. முயலின் வாய் குறுகலாகத்தான் திறக்கும். காது பார்க்கும் கருவியின் கூம்பை உள்ளே விட்டு மருத்துவர் முதற்கட்டமாகப் பார்க்கலாம். முழுதாகப் பார்க்க லேசான மயக்க மருந்து தேவைப்படும். பல் வேரையும் தாடை எலும்பையும் பார்க்க எக்ஸ்-ரே வேண்டும். செம்பிக்கு அந்த முள்ளைத் தேய்த்து மழுக்கிய பிறகு அடுத்த 9 மாதம் வயிறு ஒரு முறைகூட நிற்கவில்லை. பிறகு மறுபடி வளர்ந்தது, மறுபடி தேய்த்தோம். அவளுக்கு அது ஆயுள் முழுவதற்குமான வேலையாகிவிட்டது, ஆனால் எப்போது செய்ய வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. வெண்ணிலா மூன்று வருடம் புல் மெல்லாமல் வளர்ந்தவள். அவளுடைய கடைவாயைப் பார்க்காமல் அடுத்த வயிற்று மருந்தை வாங்காதீர்கள் என்று உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

மயக்க மருந்து என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். நாய்க்கும் பூனைக்கும் சொல்வதுபோல "இரவு முழுவதும் பட்டினி போட்டுக் கொண்டுவாருங்கள்" என்று எங்கேயாவது சொன்னால், முயலுக்கும் அப்படியா என்று பணிவாகத் திரும்பக் கேளுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதன் உடலமைப்பு அப்படி. பட்டினி போட்டால் குடல்தான் நிற்கும். புல்லையும் கையோடு எடுத்துப் போங்கள், விழித்தவுடன் அதைத் தின்றால்தான் நிம்மதி.

பல் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் சிறுநீர்ப்பை. அகத்திக்கீரை 100 கிராமில் 1,130 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, முருங்கைக்கீரையில் 440. நமக்கு அது வரம். முயலின் உடல் உணவில் வரும் சுண்ணாம்பை ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீர் வழியாகக் கழிக்கிறது. தண்ணீரும் குறைவாகக் குடித்தால் அது வெண்மையான குழம்புபோலச் சிறுநீர்ப்பையில் படியும். வெண்ணிலா சிறுநீர் கழித்த இடம் காய்ந்தபின் சுண்ணாம்பு பூசியதுபோல் திட்டாக இருக்கிறதா, கழிக்கும்போது முதுகைக் கூனி நேரம் எடுத்துக்கொள்கிறாளா, பின்கால் மயிர் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வலியும் குடலை நிறுத்தும். அகத்தியையும் குதிரைமசாலையும் வளர்ந்த முயலுக்கு நிறுத்திவிடலாம், முருங்கை வாரம் ஒரு நாள் ஒரு ஈர்க்கு. மூன்று வயதுப் பெண் முயலுக்குக் கருப்பை நீக்கப்படவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் பேசுங்கள். வயது ஏறஏறக் கருப்பைப் புற்று பெண் முயல்களில் மிக அதிகம். பொய்ச்சினை வந்து தன் மார்பு மயிரைப் பிய்த்துக் கூடு கட்டும் நாட்களிலும் சாப்பாடு குறையும். வழவழப்பான டைல்ஸ் தரையில் கால் வழுக்கி மூட்டு வலி வரும் முயல்களும் உண்டு, ஒரு கோரைப்பாய் விரித்தாலே அவற்றின் நடை மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

வெயிலைப் பற்றி: உங்கள் நான்கு முறையில் இரண்டு, ஏப்ரலிலும் மே மாதத்திலும் என்று எழுதியிருக்கிறீர்கள். முயலுக்கு இதமான வெப்பநிலை 15 முதல் 21 டிகிரி செல்சியஸ். 30 டிகிரியைத் தாண்டினால் அது திணறும், அதற்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். மதுரையின் அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடிக்குக் கீழ் அறை என்ன சூட்டில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையின் தரையில் இடம் கொடுங்கள். நனைத்த ஓட்டுத் துண்டோ கடப்பாக் கல்லோ போட்டால் அதன்மேல் போய் நீளமாகப் படுத்துக்கொள்வாள். தண்ணீரைக் குழாய்ப் புட்டியில் வைக்காமல் கனமான மண் கிண்ணத்தில் வையுங்கள். நக்கி நக்கிக் குடிப்பதைவிடக் கிண்ணத்தில் அதிகம் குடிக்கும். கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 மில்லி அளவு உள்ளே போக வேண்டும். கீரையை உதறாமல் ஈரத்தோடு கொடுப்பதும் உதவும்.

முடி அடைப்பா என்று கேட்டீர்கள். ஆரோக்கியமான முயலின் வயிற்றிலும் முடி இருக்கும், தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி அது. குடல் ஓடும்வரை முடி புழுக்கையோடு போய்விடும். குடல் நின்று, நீர் வற்றும்போதுதான் முடியும் உணவும் சேர்ந்து கட்டியாகிறது. அதாவது முடி பெரும்பாலும் விளைவு, காரணமல்ல. அன்னாசிச் சாறும் பப்பாளியும் முடியைக் கரைக்காது, சர்க்கரையைத்தான் ஏற்றும். மயிர் உதிரும் காலத்தில் தினமும் சீவிவிடுங்கள், முத்துமாலைபோல முடியில் கோத்த புழுக்கை தெரிந்தால் புல்லையும் தண்ணீரையும் கூட்டுங்கள்.

இனி, ஐந்தாவது முறை வந்தால். வரும் என்றே வைத்துக்கொண்டு தயாராக இருங்கள். 12 மணி நேரம் சாப்பாடும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால் அது அவசரம். "காலையில் பார்ப்போம்" என்று இரவைக் கடத்தக் கூடாது. அதற்கு முன்பே சில அடையாளங்கள் தெரியும்: பிடித்த கொத்தமல்லியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள், மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்காருவாள், வயிற்றைத் தரையில் அழுத்துவாள், பல்லை நறநறவென்று கடிப்பாள். தடவும்போது மகிழ்ச்சியில் வரும் மெல்லிய பல்லொலி வேறு, இது வேறு. வலியில் கடிப்பது எட்ட நின்றாலும் கேட்கும், கண் பாதி மூடியிருக்கும்.

காதைத் தொட்டுப் பாருங்கள். முயலின் இயல்பான உடல் வெப்பம் 101.3 முதல் 104 டிகிரி ஃபாரன்ஹீட். 100.4-க்குக் கீழே இறங்கியிருந்தால் நிலைமை மோசம். காது சில்லென்று இருந்தால் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், சூடு அதிகமானால் அவள் விலகிப் போக இடம் விட்டு. பிறகு நேரே மருத்துவமனை. வயிறு மத்தளம்போல் விம்மி இறுகியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். குடல் மந்தமாவது வேறு, குடலில் உண்மையாகவே அடைப்பு ஏற்படுவது வேறு. அடைப்பில் வயிறு மணி நேரத்தில் ஊதும், உயிரும் அதே வேகத்தில் போகும். இரண்டையும் பிரிக்க எக்ஸ்-ரே உதவும். ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பதும் உதவும்: அளவு டெசிலிட்டருக்கு 360 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். இதை மருத்துவரிடம் கேட்கத் தயங்காதீர்கள், நீரிழிவுக்கு நாம் வீட்டில் பார்ப்பது போன்ற எளிய சோதனைதான்.

வயிறு இளக்கமாக இருந்து, மருத்துவரும் ஊட்டச் சொன்னால், சிரிஞ்சில் ஊட்ட வேண்டும். பட்டினி நீண்டால் முயலின் கல்லீரலில் கொழுப்பு படியும், குறிப்பாகக் குண்டு முயலுக்கு. இதற்கென்று விற்கும் நார்ச்சத்து மாவு கிடைத்தால் ஒரு பொட்டலம் எப்போதும் வீட்டில் வைத்திருங்கள். கிடைக்காத இரவில் அவளுடைய குச்சித் தீவனத்தையே வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மசித்துக்கொள்ளலாம். துண்டில் சுற்றி, நான்கு காலும் தரையில் இருக்கும்படி உட்காரவைத்து, முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் இடையில் இருக்கும் வெற்றிடத்தில் பக்கவாட்டாகச் சிரிஞ்சின் நுனியை வைத்து, ஒரு மில்லி கொடுத்து, மென்று விழுங்கும்வரை காத்திருந்து, அடுத்த மில்லி. மல்லாக்கப் போட்டு ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். வலி மருந்து இந்த நேரத்தில் உணவுக்குச் சமமாக முக்கியம், முயலுக்கு ஏற்ற மருந்துகளை மருத்துவர் வைத்திருப்பார். நம் வீட்டு மாத்திரைப் பெட்டியைத் திறக்காதீர்கள். ஓம வாட்டர் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர், பாசத்தில்தான் கொடுக்கிறார்கள். அது கொடுக்கும் பொய்யான நிம்மதியில் நேரம் போய்விடுகிறது.

அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக் மருந்துகள் வாய் வழியாக முயலுக்குப் போகவே கூடாது. அவை சீக்கத்தில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிட, கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமி பெருகி, அதன் நஞ்சில் முயல் ஓரிரு நாளில் இறந்துபோகும். நாய்க்குட்டிக்கு வாங்கிய இனிப்பான ஆன்டிபயாடிக் திரவத்தை முயலுக்கும் கொடுத்து இழந்த குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் மறக்கவில்லை. கூடவே சொல்லிவிடுகிறேன், நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு எமன்.

கழிச்சல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, வெண்ணிலாவுக்கு அது இல்லை. குட்டி முயல் தண்ணீராகக் கழிந்தால் அது இந்தக் கதையே அல்ல. மழைக்காலத்தில் காக்சிடியா ஒட்டுண்ணியாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வளர்ந்த முயலின் பின்புறத்தில் மென்புழுக்கை பசைபோல அப்பிக்கொண்டிருந்தால் அது கழிச்சல் அல்ல, தீவனமும் பழமும் அதிகம் என்று பொருள், அல்லது உடம்பு பெருத்தோ முதுகு வலித்தோ வாய் அந்த இடத்துக்கு எட்டவில்லை.

ஒரு நோட்டு போடுங்கள். தினமும் ஒரு வரி: எடை, என்ன தின்றாள், தண்டைத் தின்றாளா விட்டாளா, புழுக்கை எப்படி, வீட்டுக்குள் எவ்வளவு வெப்பம், வீட்டில் என்ன நடந்தது. விருந்தினர் வந்தது, பட்டாசு வெடித்தது, ஊருக்குப் போனது எல்லாம் எழுதுங்கள், பயமும் குடலை நிறுத்தும். நல்ல முயல் நாளுக்கு 200-க்கு மேல் புழுக்கை போடும், ஒரே அளவில், உருண்டையாக, விரலால் நசுக்கினால் உள்ளே காய்ந்த புல் தூள் தெரியும். முந்தைய நாளைவிடச் சிறுத்தால், கறுத்து இறுகினால், கண்ணீர்த்துளிபோல் ஒரு பக்கம் கூராக வந்தால், தாக்குதலுக்கு ஒரு நாள் முன்பே உங்களுக்குச் செய்தி கிடைத்துவிட்டது.

அடுத்து மருத்துவரிடம் போகும்போது அவள் நன்றாக இருக்கும் நாளில் போங்கள். படுத்துவிட்ட நாளில் உயிரைக் காப்பாற்றத்தான் நேரம் இருக்கும், காரணம் தேட இருக்காது. உங்கள் மருத்துவருக்கு முயல் பல்லைத் தேய்த்துப் பழக்கம் இல்லை என்றால் அவரிடமே கேட்டு, திருநெல்வேலியிலோ நாமக்கல்லிலோ உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கல்லூரியும் இருக்கிறது, ஆனால் அவ்வளவு தூரப் பயணம் அவளுக்கு ஒரு சுமை. கடைவாயை உள்ளே பார்க்க வேண்டும், தாடைக்கும் வயிற்றுக்கும் எக்ஸ்-ரே வேண்டும், சிறுநீர் பார்க்க வேண்டும் என்று மூன்றையும் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். கூடைக்குள் அவள் வாடை படிந்த பாயைப் போட்டு, ஒரு கைப்பிடி அருகம்புல்லையும் வையுங்கள். அன்று காலையில் போட்ட புழுக்கையில் பத்துப் பதினைந்தைக் காகிதத்தில் மடித்து, நோட்டுக்குள் செருகி எடுத்துப் போங்கள். அவள் மென்று கீழே போட்ட தண்டு ஏதாவது கிடந்தால் அதையும்.